பிக்கிள்பால் டீம் லீக்: முதல் சீசனில் கால் வைக்கிறவர்களுக்கு

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி வாக்கில் டீம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் விழும். "ஞாயிறு மதியம் 2 மணி, அவங்க கோர்ட்ல மேட்ச். யார் யார் வர்றீங்க?" பத்துப் பேர் இருக்கும் குழுவில் நாலு பேர் உடனே கட்டைவிரல் போடுவார்கள். மூன்று பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஒருவர், "சனிக்கிழமை சொல்றேனே" என்பார். இன்னொருவர் முந்தின வாரமே சென்னைக்கு விமானம் ஏறியிருப்பார். அதைக் குழுவில் சொல்ல அவருக்குத் தோன்றியிருக்காது.

பிக்கிள்பால் என்பது நடுவில் நெட் கட்டி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைப் பேடில் என்ற மட்டையால் அடிக்கும் ஆட்டம். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் இரண்டு சீசன் இந்த மெசேஜை அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அதனால் இந்த வழிகாட்டியில் பந்தை எப்படி அடிப்பது என்பது கொஞ்சமாகவும், லீக் எப்படி ஓடுகிறது என்பது நிறையவும் இருக்கும். அடிக்கக் கற்றுக்கொடுக்க யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆறு பேர் வேண்டிய மேட்சுக்கு ஐந்து பேர் மட்டும் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

இங்கே ஆல்ஃபரெட்டா, கம்மிங், ஜான்ஸ் கிரீக் பக்கமெல்லாம் குடியிருப்புக்குக் குடியிருப்பு டென்னிஸ் கோர்ட் உண்டு. அக்கம்பக்கத்துக்காரர்கள் டீம் கட்டிக்கொண்டு அடுத்த குடியிருப்போடு மோதுவது இந்த ஊரில் பல பத்தாண்டுப் பழக்கம். பிக்கிள்பால் வந்தபோது அந்தப் பழக்கத்தின் முதுகிலேயே ஏறிக்கொண்டது. ஒரு டென்னிஸ் கோர்ட் இடத்தில் நாலு பிக்கிள்பால் கோர்ட் அடங்கும் என்பதும் ஒரு காரணம். கீழே நான் சொல்லும் கணக்குகள் நாங்கள் ஆடிய லீக்கின் முறைப்படி. அமெரிக்காவின் மற்ற ஊர்களில் விவரங்கள் மாறும், எலும்புக்கூடு பெரும்பாலும் இதேதான். உங்கள் லீக்கின் விதிப்புத்தகத்தை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள். டீமில் அதைப் படித்த ஒரே ஆள் நீங்களாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஓபன் ப்ளேயும் லீக்கும் வேறு வேறு

பார்க்கில் நீங்கள் இதுவரை ஆடியது ஓபன் ப்ளே. வேலியோரம் இருக்கும் தாங்கியில் பேடிலை வரிசையில் செருகுவீர்கள். முறை வந்ததும் முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரு கேம். தோற்றால் பேடிலைத் திரும்ப வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பீர்கள். உங்கள் தோல்வி உங்களோடு போயிற்று.

டீம் லீக்கில் ஒரு சீசனுக்கு ஒரே டீம். பெயர்ப் பட்டியல் உண்டு, அட்டவணை உண்டு, வாரம் ஒரு எதிரணி உண்டு. எங்களுக்கு ஏழு வாரம். ஒரு வாரம் நம் கோர்ட், இன்னொரு வாரம் அவர்கள் கோர்ட். நீங்கள் தோற்பது டீமின் கணக்கில் எழுதப்படும். இதனால் சிலருக்கு ஆட்டம் கூடுகிறது, சிலருக்குக் கை நடுங்குகிறது. ஓபன் ப்ளேயில் புலியாகத் திரிந்த ஒருவர் முதல் லீக் மேட்சில் தொடர்ந்து நாலு சர்வை நெட்டில் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். (நான்தான்.)

எவ்வளவு தெரிந்தால் போதும்

ஊரில் ஷட்டில் ஆடியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிக்கிள்பால் கோர்ட் 20 அடிக்கு 44 அடி, அதாவது நீங்கள் இரட்டையர் ஆடிய அதே ஷட்டில் கோர்ட். காரணம் சுலபம். 1965 கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில் ஆடப்போய், முழு சாமானும் கிடைக்காமல், பிங்பாங் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பொழுது போகவேண்டும், அவ்வளவுதான் தேவை. பார்னி மெக்கல்லம் என்ற நண்பரும் சேர்ந்துகொள்ள, விதிகள் உருவாயின. நெட் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது: இன்றைய விதிப்படி ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. ஷட்டிலிலும் நம்மூர்ப் பூப்பந்திலும் எதையும் தரையில் விடாமல் அந்தரத்திலேயே அடித்துப் பழகியிருப்பீர்கள். மஞ்சள் கம்பளிப் பந்தை நெஞ்சுயரத்தில் வெட்டி அடித்த கை சும்மா இருக்காது. பிக்கிள்பாலில் சர்வ் ஒருமுறை குத்த வேண்டும், அதைத் திருப்பி அடித்த பந்தும் ஒருமுறை குத்த வேண்டும். அதற்கப்புறம்தான் அந்தரத்தில் அடிக்கலாம். சர்வ் போட்ட பக்கத்துக்காரர் முன்னே ஓடிவந்து திரும்பி வரும் பந்தைப் பாய்ந்து அடிப்பதுதான் தமிழ் டீம்களின் முதல் மாத நோய். என் பார்ட்னர் ஒருவர் சர்வ் போட்டதும் தனக்குத்தானே "நில்லு, நில்லு" என்று முணுமுணுப்பார். அது வேலை செய்தது.

அடுத்து கிச்சன். நெட்டிலிருந்து இரு பக்கமும் 7 அடி. அங்கே நிற்கலாம், குத்தின பந்தை உள்ளே போய் அடிக்கலாம். அந்தரத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. வெளியே நின்று அந்தரத்தில் அடித்துவிட்டு வேகத்தில் கால் உள்ளே போனாலும் தப்பு. அடித்த பந்து அதற்குள் செத்திருந்தாலும் தப்புதான். கோடும் கிச்சனைச் சேர்ந்தது. செருப்போடு சமையலறைக்குள் வரக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபட வேண்டும், ஆனால் பிடிபடுவதில்லை.

சர்வ் கீழ்க்கையாக, குறுக்காக, கிச்சனையும் அதன் கோட்டையும் தாண்டி விழ வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. நெட்டில் உரசி உள்ளே விழுந்தால் ஆட்டம் தொடரும்; 2021-க்கு முந்தைய விதியை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் "லெட்" (மறுபடி சர்வ் போடு) என்று கையைத் தூக்குவார்கள், ஏமாறாதீர்கள். இடுப்புக்குக் கீழே அடித்தாயா, மணிக்கட்டு எங்கே இருந்தது என்ற வம்பெல்லாம் வேண்டாம் என்றால் பந்தைக் கீழே விட்டு, குத்தி எழும்பியதும் அடியுங்கள். அதுவும் செல்லும், அந்தக் கட்டுப்பாடுகள் அதற்குக் கிடையாது. புதியவர்களை நான் இப்படித்தான் போடச் சொல்வேன்.

நிஜமான தலைவலி ஸ்கோர் சொல்வது. இரட்டையரில் மூன்று எண்: நம் புள்ளி, அவர்கள் புள்ளி, நான் முதல் சர்வரா இரண்டாவது சர்வரா. "4-2-1" என்றால் நமக்கு 4, அவர்களுக்கு 2, சர்வ் போடுவது நம் முதல் ஆள். அவர் தோற்றால் அவருடைய பார்ட்னர் "4-2-2" என்று தொடங்குவார். அவரும் தோற்றால் சர்வ் எதிர்ப்பக்கம் போய்விடும். சர்வ் போடும் பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி. கேம் தொடங்கும்போது "0-0-2", ஏனென்றால் முதலில் தொடங்கும் டீமுக்கு அந்த முறை ஒரே ஒரு சர்வர்தான். 11 வரை, 2 வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும்.

யார் எங்கே நிற்பது என்று குழம்பினால் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். கேம் தொடங்கும்போது வலப்பக்கம் நின்றவர், உங்கள் டீம் புள்ளி இரட்டைப்படையில் இருக்கும்போதெல்லாம் வலப்பக்கம் இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுங்கள். போட்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் கோயில் சிவப்புக் கயிற்றைப் பயன்படுத்தினோம். எதிரணி ஒருவர் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இவ்வளவு போதும். டிங்க் (கிச்சன் கோட்டருகே நின்று எதிர்க் கிச்சனில் மெதுவாகப் போடுவது), மூன்றாவது பந்தை மெதுவாகக் கிச்சனில் இறக்குவது எல்லாம் ஆட ஆட வரும்.

ரேட்டிங்: உங்களைப் பற்றி உண்மை சொல்லுங்கள்

லீக்குகள் 2.5, 3.0, 3.5, 4.0 என்று பிரிவு வைத்திருக்கும். புதியவர் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொண்டு சேர வேண்டும். விதி தெரியும், பந்து பெரும்பாலும் திரும்பிப் போகிறது, ஆனால் எங்கே விழும் என்று உங்களுக்கும் தெரியாது என்றால் 2.5. நினைத்த பக்கம் அடிக்கிறீர்கள், கிச்சன் கோட்டுக்கு ஏறி வருகிறீர்கள், மெதுவாகவும் அடிக்க வருகிறது ஆனால் அவசரத்தில் தப்புகிறது என்றால் 3.0. எதிராளி வேகமாக அடிக்கும் பந்தைத் தணித்துக் கிச்சனில் இறக்க பாதி நேரமாவது முடிந்தால் 3.5 பற்றி யோசிக்கலாம். இது என் கைக்கணக்கு. லீக்குகள் தரும் விவரம் இன்னும் நீளமானது, படித்தால் எல்லாப் படியிலும் நீங்கள் இருப்பது போலத் தோன்றும்.

பல இடங்களில் டூப்பர் (DUPR) என்ற ரேட்டிங் எண்ணும் கேட்கிறார்கள். பெயர் சினிமா டூப்பை நினைவூட்டினாலும் வேலை அதற்கு நேர் எதிர், உங்கள் நிஜ ஆட்டத்தைக் காட்டிக்கொடுப்பது. நீங்கள் ஆடிய மேட்சுகளின் ஸ்கோரை வைத்து 2.000-க்கும் 8.000-க்கும் இடையே ஓர் எண்ணைக் கணினி போடும். எதிராளி யார், பார்ட்னர் யார் என்பதையும் பார்க்கும். மேட்ச் ஆடாதவருக்கு எண்ணே இருக்காது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூன்றாம் தசமத்துக்காகத் தூக்கம் கெடுத்துக்கொள்கிறவர்கள் எங்கள் டீமிலும் இருந்தார்கள், அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

நம்மவர்களிடம் இரண்டு வகைத் தவறைப் பார்க்கிறேன். கல்லூரியில் ஷட்டில் ஆடியவர் தன்னை 4.0 என்று போட்டுக்கொண்டு, ஏழு வாரமும் 11-3, 11-2 என்று வாங்கிக்கொண்டு வருவார். அவரோடு சேர்ந்து பார்ட்னரும் வாங்குவார். இன்னொருவர் நன்றாக ஆடத் தெரிந்தும் கோப்பைக்காக 3.0-வில் ஒளிந்துகொள்வார். இரண்டாவது வகைக்கு இங்கே கெட்ட பெயர் உண்டு, லீக்கில் புகார் போகும், நடுவிலேயே மேல் பிரிவுக்குத் தள்ளவும் செய்வார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு படி கீழே தொடங்குங்கள், ஜெயித்தால் அடுத்த சீசனில் மேலே போங்கள். கீழே தொடங்குவதும் ஒளிந்துகொள்வதும் ஒன்றா என்று கேட்டால், உங்கள் மனசுக்குத் தெரியும் என்பதுதான் என் பதில்.

டீம் பிடிப்பது

சீசன் தொடங்க ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே பதிவு ஆரம்பித்துவிடும். லீக்கின் தளத்தில் டீமைப் பதிவது கேப்டன். நீங்கள் தனியாகச் சேர்ந்து, அவர் தரும் டீம் எண்ணைப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் பெரும்பாலும் அந்த சீசன் போச்சு. ஆண்கள், பெண்கள், கலப்பு என்று தனித்தனி லீக் இருக்கும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தனிப் பிரிவு வைக்கிறார்கள், அதில் ஆடுகிறவர்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஓடவே மாட்டார்கள், நம்மை ஓட விடுவார்கள்.

கேப்டனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். டீமில் மொத்தம் எத்தனை பேர்? ஒருவருக்குச் சராசரியாக எத்தனை மேட்ச் கிடைக்கும்? ஜெயிப்பதற்காக ஆடுகிற டீமா, எல்லாருக்கும் முறை வைக்கிற டீமா? மூன்றாவதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சீசன் நடுவில் வரும் மனஸ்தாபங்களில் பாதி அதைக் கேட்காமல் விட்டதால் வருவது. எங்களுக்கு மேட்சுக்கு ஆறு பேர் தேவை, பட்டியலில் பத்துப் பேர் வைத்தோம். எட்டுப் பேர் வைத்தால் பள்ளி விடுமுறை வாரத்தில் கழுத்து நெரியும். பதினான்கு வைத்தால் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

நேரடியாக டீமில் சேரத் தயக்கமா? சப் ஆகப் பெயர் கொடுங்கள். யாராவது வர முடியாத வாரம் கூப்பிடுவார்கள். ஒரு மேட்ச் ஆடிப் பார்த்தால் லீக் உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும். சப் ஆட வருகிறவரின் ரேட்டிங் அந்தப் பிரிவுக்குள் இருக்க வேண்டும், சில லீக்கில் முன்பே பதிந்திருக்கவும் வேண்டும். கேப்டன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். தகுதியில்லாத ஆள் ஆடிய லைன் (மேட்சில் ஒரு ஜோடி ஆடும் ஆட்டம்), ஜெயித்தாலும் எதிரணிக்கே போகும்.

செலவு: லீக் கட்டணம், டீம் டி-ஷர்ட் ஆசைப்பட்டால் அது, பந்து, பேடில். பேடில் நீளம் 17 அங்குலத்துக்குள், நீள அகலம் சேர்த்து 24-க்குள் இருக்க வேண்டும். கடையில் விற்கும் பெரும்பாலானவை இதற்குள்தான் இருக்கும். ஆனால் பல லீக்குகள் இந்நாட்டு பிக்கிள்பால் அமைப்பான யுஎஸ்ஏ பிக்கிள்பாலின் அங்கீகாரப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று கேட்கும், வாங்குமுன் பார்த்துவிடுங்கள். முதல் பேடிலுக்கு நூறு டாலரைத் தாண்ட வேண்டாம். மிச்சத்தை ஷூவில் போடுங்கள். ஓட்டப் பயிற்சி ஷூவில் பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் மடங்கும். கோர்ட் ஷூ என்று கேட்டு வாங்குங்கள்.

வாரம் எப்படி நகரும்

மறுபடி அந்த வியாழக்கிழமை மெசேஜ். அதற்கு முன்பே கேப்டன் எதிரணிக் கேப்டனோடு நேரம், இடம், எத்தனை கோர்ட் என்று பேசியிருப்பார். உங்கள் வேலை ஒன்றுதான்: வர்றேன், வரலை, இரண்டில் ஒன்று, இருபத்துநாலு மணி நேரத்துக்குள். "ட்ரை பண்றேன்" என்பதை வைத்துக்கொண்டு கேப்டன் ஒன்றும் செய்ய முடியாது. வரவில்லை என்று சொல்கிறவர் மேல் யாருக்கும் கோபம் வராது. அவர் இடத்தில் சப் போட்டுவிடலாம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, "மன்னிச்சுக்கோங்கண்ணா, மாமியார் வந்திருக்காங்க" என்று வரும் மெசேஜ்தான் கொல்லும். மாமியார் அன்று காலை வானத்திலிருந்தா குதித்தார்?

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். எங்கள் லீக்கில் ஒரு மேட்ச் என்பது ஆறு லைன். முதல் சுற்றில் மூன்று ஜோடி, மூன்று லைன். இரண்டாம் சுற்றில் ஜோடிகளை மாற்றிக்கொண்டு இன்னொரு மூன்று. ஐந்து பேர்தான் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு லைன் ஆடாமலே போய்விடும். அதாவது பந்தைத் தொடும் முன்பே 0-2. அதுவும் கடைசி லைனைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், நமக்கு வேண்டாத லைனைப் பொறுக்க முடியாது. எதிரணியில் இருவர் அரை மணி கார் ஓட்டி வந்து ஆடாமல் திரும்பிப் போவார்கள், அந்தக் கடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லைன்-அப். பலமான ஜோடி முதல் லைன், அடுத்தது இரண்டு, அப்புறம் மூன்று. இரண்டு கேப்டன்களும் தாளில் எழுதிவைத்து, ஆட்டத்துக்குச் சற்று முன் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வார்கள். எதிரணியின் பட்டியலைப் பார்த்தபின் நம்முடையதைத் திருத்த முடியாது. பலி ஆடாக ஒரு ஜோடியை முதல் லைனில் நிறுத்திவிட்டு, பலசாலிகளைக் கீழே இறக்கி மற்ற லைன்களை அள்ளும் தந்திரம் எல்லாருக்கும் தெரியும். சில லீக் இதைத் தடை செய்திருக்கிறது, சில கண்டுகொள்வதில்லை. நான் ஒருமுறை செய்தேன். ஜெயித்தோம். பலியான இருவரும் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உங்களை மூன்றாவது லைனில் போட்டால் அவமானம் என்று நினைக்க வேண்டாம். எல்லா லைனுக்கும் ஒரே ஒரு புள்ளிதான்.

மேட்ச் நாள்

இருபது நிமிடம் முன்பே போங்கள். கோர்ட் நடத்தும் டீம் புதுப் பந்து தரும். வெளிக் கோர்ட்டுக்கு பெரும்பாலும் 40 ஓட்டைப் பந்து, உள்ளரங்கத்துக்கு 26 ஓட்டை. எதிரணியோடு சேர்ந்து பத்து நிமிடம் அடித்துப் பழகலாம். அந்தப் பத்து நிமிடத்தில் யாருக்குப் பின்கை (பேக்ஹேண்ட்) பலவீனம் என்று பார்த்து வைப்பது சூழ்ச்சியாகாது, அவர்களும் நம்மை அதேபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு லைனும் மூன்றில் இரண்டு கேம். ஒரு கேம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். மூன்றாவது கேம் வந்தால் யாராவது 6 எடுத்ததும் நடுவிலேயே மாற வேண்டும், வெயிலும் காற்றும் பொதுவாக இருக்கட்டும் என்று. ஒரு கேமுக்கு டீமுக்கு இரண்டு டைம்-அவுட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். புதியவர்கள் இதைப் பயன்படுத்தவே மாட்டார்கள். எதிரணி தொடர்ந்து மூன்று புள்ளி எடுத்தால் கூப்பிடுங்கள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். அவர்கள் சூடு ஆறிவிடும்.

பார்ட்னருக்குப் பாடம் நடத்தாதீர்கள். கணவன் மனைவி ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன். நடுவில் வரும் பந்து யாருக்கு என்று மட்டும் முன்பே பேசி வையுங்கள். வழக்கமாக முன்கை (ஃபோர்ஹேண்ட்) நடுப்பக்கம் இருப்பவருக்கு. மற்ற எல்லாம் காரில் போகும்போது பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

அவுட்டா, இன்னா

பொழுதுபோக்கு லீக்கில் நடுவர் கிடையாது. கோட்டைத் தீர்மானிப்பது ஆடும் நாலு பேர்தான், அதிலும் பந்து எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து இருவர். அதாவது உங்களுக்கு லாபம் தரும் தீர்ப்பை நீங்களே சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

விதி தெளிவானது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவுட். சந்தேகம் என்றால் இன், எதிராளிக்கே சாதகம். பார்ட்னர்கள் இருவரும் வேறு வேறாகச் சொன்னாலும் இன். பந்து கோட்டைத் தொட்டால் இன். சர்வ் மட்டும் கிச்சன் கோட்டில் விழுந்தால் தப்பு. இன்னொரு நுணுக்கம்: பந்தின் விளிம்பு கோட்டின் மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கக் கூடாது, பந்து தரையைத் தொட்ட இடம் எது என்றுதான் பார்க்க வேண்டும். அது கெட்டிப் பிளாஸ்டிக். டென்னிஸ் பந்தைப் போல அமுங்காது.

பந்து குத்தும் முன் "அவுட், அவுட்" என்று கத்தினால் அது பார்ட்னரிடம் "விட்டுடு" என்று சொன்னதாகவே கணக்கு, தீர்ப்பாகாது. குத்தியபின் சொல்வதுதான் தீர்ப்பு, அதையும் உடனே சொல்ல வேண்டும். எதிராளி கிச்சனை மிதித்ததை நீங்கள் பார்த்தால் சொல்லலாம். அவர் இல்லை என்றால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடுவார்கள். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து பந்து உருண்டு வந்தால் "பால்!" என்று சத்தம் போட்டு நிறுத்துங்கள், வெட்கம் வேண்டாம், அதை மிதித்துத்தான் கால் போகும்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தீர்ப்பில் பங்கில்லை. விருதுநகரிலிருந்து ஆறு மாதம் வந்திருந்த என் அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். நான் இன் என்று விட்ட ஒரு பந்துக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டேய், ஒரு சாண் அவுட்டுடா அது!" என்றார். "அப்பா, சும்மா இருங்கப்பா" என்றேன். எதிரணிக்காரர் சிரித்துக்கொண்டே அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நல்ல ஷாட் என்று சொன்னார் என்றேன். அந்த கேமை 12-10-ல் தோற்றோம், அப்பா இன்னும் மறக்கவில்லை.

தொடர்ந்து கோட்டில் ஏமாற்றும் எதிராளி கிடைத்தால்? கிடைப்பார்கள், அபூர்வமாக. ஒருமுறை, "உறுதியா தெரியுமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் சரியாகிவிடும். ஆகாவிட்டால் கேப்டனிடம் சொல்லுங்கள், அவர் அந்தக் கேப்டனிடம் பேசட்டும். கோர்ட்டுக்குள் சண்டை போட்டால் அவர் ஏமாற்றியது மறந்துபோய் நீங்கள் கத்தியதுதான் ஊருக்கு நினைவிருக்கும்.

கணக்கு

லைனுக்கு ஒரு புள்ளி. ஆறு லைனில் 4-2 என்றால் ஜெயித்தாயிற்று. 3-3 வந்தால் மொத்தம் எத்தனை கேம் எடுத்தார்கள் என்று எண்ணுவோம், அதுவும் சமமானால் எல்லா ஸ்கோரையும் கூட்டிப் பார்ப்போம். அதனால் தோற்கப் போகிற கேமிலும் 11-4 என்று விடாமல் 11-8 வரை இழுப்பதற்கு அர்த்தம் உண்டு. ஒரு சீசனில் மூன்று ஸ்கோர்ப் புள்ளியில் எங்களுக்கு மேலே ஒரு டீம் போனது. அந்த மூன்று புள்ளியை யார் விட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஆராய்ச்சி நடந்தது, அந்த ஆராய்ச்சியைச் செய்யாதீர்கள்.

ஜெயித்த டீமின் கேப்டன் அன்றிரவோ மறுநாளோ ஸ்கோரைத் தளத்தில் ஏற்றுவார், மற்றவர் சரி என்பார். ஒவ்வொரு லைன் முடிந்ததும் ஸ்கோரைத் தாளில் எழுதி இரு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு ஆறு பேரிடம், "நீங்க ரெண்டாவது கேம் 11-7-ஆ 11-9-ஆ?" என்று கேட்பது பெரிய பாவம்.

மகரந்தம், இடி, மணிக்கட்டு

அட்லாண்டாவில் மார்ச் கடைசியில் பைன் மரங்கள் மஞ்சள் பொடியைக் கொட்டும். கார், திண்ணை, கோர்ட் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் ஆகிவிடும். கோர்ட் வழுக்கும். ஆட்டத்துக்கு முன் ஊதியோ கழுவியோ விடுவது கோர்ட் நடத்தும் டீமின் பொறுப்பு. கோடை மாலைகளில் இடி. இடிச் சத்தம் கேட்டால் உடனே உள்ளே போக வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப வரலாம். 9-9 என்று இருந்தாலும் இதில் பேரம் கிடையாது. நின்றுபோன மேட்சை விட்ட ஸ்கோரிலிருந்து இன்னொரு நாள் தொடர்வார்கள். குளிர்காலத்தில் பந்து விறைத்துப்போய் விரிசல் விடும், கூடுதலாக இரண்டு பந்து வையுங்கள்.

உடம்பைப் பற்றி ஒன்றே ஒன்று: தலைக்கு மேல் போகும் பந்துக்காகப் பின்பக்கமாக ஓடாதீர்கள். திரும்பி ஓடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து மணிக்கட்டு உடைத்துக்கொண்ட மூன்று பேரும் பின்னோக்கி ஓடி விழுந்தவர்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிறு மதியம் திடீரென்று குதிக்கும் நாற்பது வயதுக் குதிகால் தசைநாரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்தபின்

இந்த ஊர் வழக்கப்படி, கோர்ட் நடத்தும் டீம் மேட்ச் முடிந்ததும் எதிரணிக்குத் தின்ன ஏதாவது வைக்கும். சிப்ஸ், பழம், சில டீம்கள் பீட்சா. நாங்கள் முதல் வாரம் அதையே செய்தோம். இரண்டாம் வாரம் ஒரு அக்கா வீட்டிலிருந்து மசால் வடையும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுவந்தார். அதற்கப்புறம் எதிரணிகள் மேட்சுக்கு ஆள் குறைந்து வந்ததே இல்லை. தோற்ற அன்றும் நின்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடுத்த சீசனில் அந்த டீமுக்கு ஒரு சப் தேவைப்படும்போது உங்களைக் கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தேவைப்படும்போது அவர்கள் வருவார்கள்.

ஏழு வாரம் முடிந்ததும் மேலே உள்ள டீம்கள் ப்ளேஆஃப் போகும். அதில் ஆட, சீசனில் குறைந்தது இத்தனை மேட்ச் ஆடியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள், எங்களுக்கு இரண்டு. கடைசி வாரத்தில் ஒருவருக்கு ஒரு மேட்ச் குறைவது தெரியவந்து கேப்டன்கள் தலையில் கை வைப்பது ஆண்டுதோறும் நடக்கும். உங்கள் கணக்கை நீங்களே பார்த்துக்கொண்டு நான்காவது வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரிவை ஜெயித்த டீம் அடுத்த சீசனில் மேலே ஏறும், அங்கே நன்றாக அடி வாங்கும், ஒரு சீசன் கழித்துக் கீழே வரும். நாங்கள் இப்போது அடி வாங்கும் சீசனில் இருக்கிறோம்.

இந்த வாரம் எங்களுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். ஞாயிறு 2 மணி, நம் கோர்ட், கலப்பு 3.0, மூன்றாவது லைன். வடை உண்டு.